பெயர் கேளாத வானம்

(திருப்பதியில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொல்காப்பியப் பாயிரம் தமிழ் நிலத்துக்கு வட எல்லையாக வகுத்த வேங்கடத்தின் அடிவாரத்தில், கோவிந்த நாமம் ஓயாது ஒலிக்கும் ஓர் ஊரில், ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்க நாட்டு நாஸ்திகர் ஒருவர் எழுதிய பயங்கரக் கதைகளைப் பற்றியும், அவற்றின் சந்ததியாக வந்த விஞ்ஞானத் திரைப்படங்களைப் பற்றியும் பேசுவது தகுமா என்று, இத்தலைப்பைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர் வினவினார். இந்தப் பேச்சுக்கு இதைவிடத் தகுந்த ஊர் தென்னாட்டில் இல்லை என்பது என் கட்சி. காரணத்தைச் சற்றுப் பிந்திச் சொல்கிறேன்.

பயங்கரக் கதை என்றதும் நம் நினைவுக்கு வருவது பேய்க் கதை. 1960-ஆம் ஆண்டில் எல்லை மாறும் வரை இவ்வூரும் அடங்கியிருந்த சித்தூர் ஜில்லாவிலேயே இருந்த திருவாலங்காட்டுக்கு அருகில் பழையனூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூர் நீலியின் கதையை அறியாத பாட்டி இப்பக்கத்தில் இருந்திருக்க முடியாது. முற்பிறவியில் தன்னைக் கொன்றவனை மறுபிறவியிலும் விடாது தொடர்ந்து வந்து, அவன் மனைவியைப் போல வேஷம் பூண்டு, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊர்ச் சபையின் முன் நின்று வழக்குரைத்து வென்றவள் அவள். அவள் பேச்சை நம்பி அவனுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மரும், அவன் மாண்டதும், கொடுத்த வாக்குத் தவறாமல் தீப்பாய்ந்தனர் என்பது ஐதிகம். கதையின் கோரத்தை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு அதன் கட்டுக்கோப்பை நோக்குங்கள். அந்தப் பேய்க்கு மனிதனிடம் ஒரு வழக்கு இருக்கிறது. வழக்கைக் கேட்க ஒரு சபை இருக்கிறது. செய்த வினைக்குப் பலன் உண்டென்னும் நியாயம், காலந்தாழ்த்தேனும், நிலைநாட்டப்படுகிறது. பேயைக் கண்டு நடுங்குகிறவன், அந்த நடுக்கத்தினூடேயே, இவ்வுலகில் தர்மம் ஒன்று உண்டென்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறான்.

அந்த வழக்கையே தள்ளுபடி செய்தவர் ஹோவர்ட் பிலிப்ஸ் லவ்கிராஃப்ட். ராட் ஐலண்ட் ராஜ்யத்துப் பிராவிடன்ஸ் நகரில் 1890-இல் பிறந்து, மலிவுக் காகிதப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதி, 1937-இல் நாற்பத்தாறாம் வயதில் வறுமையில் மாண்ட அந்த மனிதர், இளமையிலேயே உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு வான சாஸ்திரக் கட்டுரைகள் எழுதியவர் என்பது நம் விஷயத்துக்கு மிக முக்கியமானது. அவர் கதை எழுதிய காலம் சாமானியமான காலமன்று. நாம் காணும் நட்சத்திர மண்டலத்துக்கு அப்பாலும் எண்ணற்ற மண்டலங்கள் உண்டென்று 1920-களில் ஹப்பிள் நிறுவினார். 1930-இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டது. மறு வருஷமே வெளியான தம் கதையொன்றில் லவ்கிராஃப்ட் அந்தப் புதிய கிரகத்தை வேற்றுயிர்களின் புறக்காவல் நிலையமாக்கிவிட்டார். இத்தனை விரிந்த ஆகாயத்தில், இத்தனை நீண்ட காலத்தில், மனிதனுக்குச் சிறப்பிடம் ஏதும் இருக்க நியாயமில்லை என்னும் எண்ணம் அவரை ஆட்கொண்டது. ஆகவே அவர் கதைகளில் வரும் பூர்வ ஜந்துக்கள் மனிதனைப் பகைப்பதில்லை. பகைப்பதற்கு முதலில் அவனைக் கவனிக்க வேண்டுமல்லவா? அவை தம் போக்கில் புரண்டு படுக்கின்றன. இடையில் அகப்பட்ட மனிதன் நசுங்குகிறான், அல்லது உண்மையை அறிந்து சித்தம் கலங்குகிறான்.

அவரைப் புகழ்ந்துகொண்டே போவதும் நேர்மையாகாது. பிற இனத்தாரிடம், குறிப்பாக நியூயார்க்கில் குடியேறிய ஏழை அந்நியரிடம், அவர் கொண்ட வெறுப்பு அருவருக்கத்தக்கது. 1920-களில் அவர் எழுதிய ‘தி ஹாரர் அட் ரெட் ஹுக்’ போன்ற கதைகளில் அது ஒளிவுமறைவின்றிக் கொட்டிக் கிடக்கிறது. நம்மைப் போன்ற நிறத்தாரை அவர் தம் வீட்டுத் திண்ணையிலும் ஏற்றியிருக்க மாட்டார். அதை அறிந்தே, அவருடைய கற்பனையில் கொள்ளத்தக்கதைக் கொள்வோம்.

திரைப்படக் கலைக்கு அவர் விட்டுச் சென்ற ஆஸ்தி முக்கியமாக இரண்டு கதைகள். முதலாவது, 1927-இல் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ பத்திரிகையில் வந்த ‘தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்’. ஒரு குடியானவனின் கிணற்றருகே விண்கல் ஒன்று விழுகிறது. அதிலிருந்து கசிந்த, பூமியில் எவரும் கண்டிராத ஒரு நிறம், பயிரையும் மாட்டையும் மனைவி மக்களையும் சிறுகச் சிறுக உருக்குலைக்கிறது. வேலை முடிந்ததும் வானத்துக்கே திரும்பிவிடுகிறது. ஏன் வந்தது, என்ன வேண்டியது என்று ஒருவருக்கும் தெரியாது. எவரும் கண்டிராத நிறத்தைத் திரையில் எந்தச் சாயத்தால் காட்டுவது என்ற சங்கடம் இருந்தும், 1965-இல் போரிஸ் கார்லாஃபை வைத்தும், 2019-இல் நிக்கலஸ் கேஜை வைத்தும் இதைப் படமாக்கியிருக்கிறார்கள். இவற்றைக் காட்டிலும், அந்தக் கதையின் பெயரையே சொல்லாமல், ஜெஃப் வாண்டர்மீரின் நாவலிலிருந்து 2018-இல் அலெக்ஸ் கார்லண்ட் எடுத்த ‘அன்னிஹிலேஷன்’ அதன் ஆத்மாவுக்கு நெருங்கியது. அங்கும் வானிலிருந்து விழுந்த ஒன்று, கெட்ட எண்ணமோ நல்ல எண்ணமோ இன்றி, உயிர்களை ஒன்றோடொன்று கலந்து மாற்றிக்கொண்டே போகிறது.

இரண்டாவது கதையின் வம்சம் இன்னும் பெரிது. 1931-இல் எழுதப்பட்டு, அவர் வழக்கமாக எழுதிவந்த ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகையால் நிராகரிக்கப்பட்டு, 1936-இல் ‘அஸ்டவுண்டிங் ஸ்டோரிஸ்’ பத்திரிகையில் தொடராக வந்த ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’, தென்துருவத்துக்குச் செல்லும் ஒரு சர்வகலாசாலை ஆராய்ச்சிக் குழுவின் கதை. கதை சொல்பவர் ஒரு நிலவியல் பேராசிரியர். பனிமலைகளுக்கு அப்பால், மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வேற்றுலகத்தார் எழுப்பிய நகரமொன்றை அவர் காண்கிறார். சுவர்ச் சிற்பங்களைப் படித்துப் படித்து, பூமியில் உயிர் தோன்றியதே அவர்களுடைய சோதனைச் சாலையின் உபபலன் என்றறிகிறார். இது வந்து இரண்டே ஆண்டுகளில், அதே பத்திரிகையில், ஜான் கேம்பெல் ‘ஹூ கோஸ் தேர்?’ என்ற கதையை வெளியிட்டார்; அதே தென்துருவம், அதே பனிக்குள் உறைந்த வேற்றுயிர். முன்னதன் சாயல் பின்னதில் விழுந்திருக்க வேண்டும் என்று கருதும் விமர்சகர்களோடு நானும் சேர்கிறேன். கேம்பெலின் கதையே 1951-இல் ஒருமுறையும், ஜான் கார்ப்பெண்டரின் கைவண்ணத்தில் 1982-இல் ‘தி திங்’ என்று மறுமுறையும் படமாயிற்று.

கார்ப்பெண்டரின் படத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள். இரவு உணவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள் என்பது என் புத்திமதி. எவ்வுயிரைத் தீண்டினும் அவ்வுயிராகவே நடிக்கவல்ல ஜந்து ஒன்று பனிப்பாலையின் கூடாரத்தில் புகுந்துவிட்டது. பன்னிரண்டு பேரில் மனிதன் யார், அது யார் என்று எவருக்கும் தெரியாது. கடைசியில் எல்லாம் எரிந்து முடிந்த பின் எஞ்சிய இருவர் ஒருவரையொருவர் நம்ப முடியாமல் பனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். படம் வெளிவந்த ஜூன் மாதத்திலேயே, இரண்டு வாரம் முன்னதாக, ஸ்பீல்பெர்கின் ‘ஈ.டி.’ வந்து ஜனங்களின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டுவிட்டது. வானத்திலிருந்து வந்த விருந்தாளி குழந்தையோடு சைக்கிளில் போவதைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள், வானத்துக்கு நம்மைப் பற்றி எண்ணமே இல்லை என்று சொன்ன படத்தைப் புறக்கணித்தார்கள். இன்று விமர்சகர்கள் பலர் அதை இவ்வகைப் படங்களின் சிகரம் என்கிறார்கள். ரசிகர்களுக்குச் சம்மதமாக ஆண்டுகள் பல தேவைப்பட்டன.

ஆனால் லவ்கிராஃப்டின் சாரத்தைத் திரையில் முழுமையாகக் கண்ட காட்சி எதுவென்று என்னைக் கேட்டால், 1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த ‘ஏலியன்’ படத்தில் வரும் சில நிமிஷங்களையே சொல்வேன். கதாசிரியர் டான் ஓபனன் லவ்கிராஃப்டில் ஊறியவர்; ஜந்துவையும் அதன் உலகத்தையும் வரைந்த ஸ்விஸ் ஓவியர் கீகரோ, லவ்கிராஃப்ட் கற்பனை செய்த மாந்திரீக நூலின் பெயரையே தம் ஓவியத் தொகுப்புக்குச் சூட்டியவர். பெயர் தெரியாத கிரகத்தில் கிடக்கும் கப்பலுக்குள் மூவர் நுழைகிறார்கள். அங்கே பேருருவம் ஒன்று, தன் ஆசனத்தோடே வளர்ந்தாற்போல், எலும்பாகிக் கல்லாகிக் கிடக்கிறது. மார்பு உள்ளிருந்து வெடித்திருக்கிறது. அது யார், எங்கே போய்க்கொண்டிருந்தது, எத்தனை லட்சம் ஆண்டுகளாக அப்படிக் கிடக்கிறது, ஒன்றும் சொல்லப்படுவதில்லை. மனிதருக்குச் சம்பந்தமே இல்லாத மகா சோகம் ஒன்று, மனிதர் வருமுன்பே நடந்து முடிந்து, மறந்தும் போய்விட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஸ்காட் ‘பிரமீத்தியஸ்’ என்ற படத்தில் அந்த உருவம் யார், மனிதருக்கு என்ன உறவு என்றெல்லாம் விளக்கினார். விளக்கிய கணத்தில் பயங்கரம் செத்தது. நம்மைப் படைத்த தகப்பன் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அது குடும்ப வழக்குத்தானே! தென்துருவக் கதையையே நேராகப் படமாக்கப் பல்லாண்டு முயன்ற கில்லர்மோ டெல் டோரோவை, செலவு மிகுதி, குழந்தைகள் பார்க்க முடியாது என்று சொல்லி, 2011-இல் ஸ்டூடியோ கைவிட்டது தனிக் கதை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

1963-ஆம் ஆண்டில் லவ்கிராஃப்டின் நாவலொன்று முதன்முதலாக அமெரிக்காவில் படமாக்கப்பட்டது. அவர் பெயருக்குச் சந்தை மதிப்பில்லை என்று எட்கர் ஆலன் போவின் பெயரில் அதை விற்றார்கள். அதே 1963-இல், காகரின் விண்வெளியை வலம் வந்த இரண்டாண்டுகளில், காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ நம் திரையரங்குகளுக்கு வந்தது. வேற்றுலகவாசி பூமிக்கு வரும் முதல் இந்தியப் படம் என்று அதைச் சொல்வார்கள். அந்த உலகத்தார், விஞ்ஞானத்தில் நம்மைத் தாண்டியவர்கள், நம்பியாரை எதற்காக இத்தனை தூரம் அனுப்புகிறார்கள்? அவர்களுக்குச் சங்கீதம் தெரியாது. சொல்லிக்கொடுக்க ஒரு பாடகி வேண்டும்! பானுமதியைத் தூக்கிச் செல்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது நீங்கள் சிரிக்கிறீர்கள்; நானும் சிரித்தவன்தான். ஆயினும் ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு நாகரிகத்தின் மனப்போக்கு துலங்குகிறது. அங்கே வானம் நம்மை அறியாது. இங்கே வானம் நம்மிடம் பாட்டுக் கற்க வருகிறது. இது தமிழ்ப்படத்தின் வெகுளித்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. சத்யஜித் ராய் 1967-இல் எழுதி, ஹாலிவுட் வரை சென்றும் படமாகாமல் போன ‘தி ஏலியன்’ திரைக்கதையில், வேற்றுலகக் கப்பல் வங்காளக் கிராமத்துத் தாமரைக் குளத்தில் இறங்குகிறது. வந்தவன் ஏழைச் சிறுவனோடு விளையாடுகிறான். அந்த முயற்சிக்கு ஊக்கமளித்தவர் இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் கிளார்க். அவரோ தம் இளமையில், 1940-இல், லவ்கிராஃப்டின் தென்துருவக் கதையைப் பரிகாசம் செய்து எழுதியவர். நம் காலத்து ‘எந்திரன்’ படத்து இயந்திரமும், கேவலம், ஒரு பெண்ணின் காதலுக்காகத்தான் உலகை அழிக்கப் புறப்படுகிறது. வானமானாலும் இயந்திரமானாலும் நம்மிடம் அதற்கு ஒரு காரியம் இருந்தே தீரவேண்டும் என்பது நம் கற்பனையின் பிடிவாதம்.

இந்தப் பிடிவாதத்தின் வேர் எங்கே? முன்னே ஒத்திவைத்த காரணத்தை இப்போது சொல்ல வேண்டும். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டவர்களுக்குக் கால விஸ்தாரம் புதிதன்று. இதோ மேலே திருமலையில், புஷ்கரிணிக் கரையில் வராகசுவாமி கோயில் இருக்கிறது. அவரைத் தரிசித்த பிறகே வேங்கடவனைத் தரிசிக்க வேண்டுமென்பது சம்பிரதாயம். பிரளய வெள்ளத்தில் அமிழ்ந்த பூமியை மீட்டவர் பெயராலேயே நடக்கும் கல்பம் சுவேதவராக கல்பம் எனப்படுகிறது. அர்ச்சனைக்கு முன் புரோகிதர் சொல்லும் சங்கல்பத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கல்பத்தைச் சொல்கிறார், மன்வந்தரத்தைச் சொல்கிறார், யுகத்தைச் சொல்கிறார், வருஷம், மாதம், திதி, நட்சத்திரம் என்று இறங்கிவந்து, கடைசியில் உங்கள் கோத்திரத்தையும் பெயரையும் கேட்டு, அந்த மகாகாலத்தின் வாலில் முடிந்துவிடுகிறார். கோடானுகோடி ஆண்டுகளும் குடியாத்தத்துக் குப்புசாமியும் ஒரே வாக்கியத்தில்! லவ்கிராஃப்ட் இந்த வாக்கியத்தைக் கேட்டிருந்தால் அதன் முற்பகுதிக்குத் தலையசைத்திருப்பார். பிற்பகுதியைக் கேட்டுத் திகைத்திருப்பார். விசுவரூபத்தைக் கண்ட அர்ஜுனனும் குலை நடுங்கியவன்தான். ஆனால் பழைய உருவத்தைக் காட்டு என்று கெஞ்ச அவனுக்கு எதிரே ஒரு சிநேகிதன் இருந்தான். பிரம்மாண்டம் நமக்குப் பழக்கம். அலட்சியம்தான் நமக்குப் பழக்கமில்லை.

இதனால்தான், மேற்கத்திய பிரபஞ்ச பயங்கரம் இந்நாட்டுத் திரைக்கு வந்தபோது வழியிலேயே குணம் மாறிவிட்டது. ராகி அனில் பர்வே இயக்கி 2018-இல் வெளியான ‘தும்பாட்’ என்ற ஹிந்திப் படம் அதற்குச் சாட்சி. அது விஞ்ஞானப் படமன்று. எனினும் அதில் வரும் ‘ஹஸ்தர்’ என்ற பூதத்தின் பெயருக்கு ஒரு நெடிய யாத்திரை உண்டு. ‘ஹஸ்டூர்’ என்னும் பெயரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆம்புரோஸ் பியர்ஸ் இடையர் தெய்வமொன்றுக்கு இட்டார். ராபர்ட் சேம்பர்ஸ் 1895-இல் எடுத்தாண்டார். லவ்கிராஃப்ட் தம் கதையொன்றில் பொருளே சொல்லாமல் உச்சரித்துவிட்டுப் போனார். ஸ்டீபன் கிங் ‘கிராமா’ என்ற கதையில் ஒரு கிழவியின் வாயில் வைத்தார். அக்கதையின் தழுவலென அறியப்படும் மராத்தி எழுத்தாளர் நாராயண் தாரப்பின் கதையின் வழியாகத் தும்பாட்டின் கிழவி பிறந்தாள். இத்தனை கை மாறி வந்த பெயர் இங்கே இறங்கியதும் என்ன ஆயிற்று? தெய்வத் தாயின் மூத்த பிள்ளை ஆயிற்று. பொன்னுக்கும் தானியத்துக்கும் பேராசைப்பட்டுச் சாபம் பெற்றது. அதனிடம் திருடச் செல்லும் மனிதன் தன் பேராசையால் அழிகிறான். வினையும் பலனும் திரும்பி வந்துவிட்டன. நீலியின் ஊர்ச் சபை மீண்டும் கூடிவிட்டது. நல்ல படம், மிக நல்ல படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2024-இல் மறுபடி திரையிட்டபோது முதல் வெளியீட்டைவிட அதிகம் வசூலித்தது. ஆனால் அது நம் பழைய நியாயத்தைப் புது வேஷத்தில் சொன்ன படம். அலட்சியமான வானத்தை நம் திரை இன்னும் நேருக்கு நேர் பார்க்கவில்லை.

பார்த்தே தீரவேண்டுமா என்று கேட்பீர்கள். பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். பக்தியைக் கைவிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாம் வாழும் இடத்தின் உண்மைகளில் பாதியைக் கதையில் சேர்க்காமலே இருந்துவிட்டோம் என்பதற்காகச் சொல்கிறேன். திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையின் ஓரத்தில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்த ஒரு பாறைச் சந்திப்பு இருக்கிறது. கீழே பூர்வ யுகத்துக் கருங்கல். அதன்மேல் நேராக நகரிக் குவார்ட்சைட்டின் படுகை. இரண்டும் தொடும் கோட்டில் ஐம்பது கோடி ஆண்டுகளுக்குக் குறையாத காலம் காணாமற்போயிருக்கிறது. அக்காலத்துப் பாறை ஏதும் அங்கே மிஞ்சவில்லை. என்ன நடந்தது என்று கேட்கச் சாட்சியில்லை. நாள்தோறும் ஆயிரக்கணக்கான யாத்திரிகர்கள் பஸ்ஸில் தூங்கியபடி அந்தக் கோட்டைக் கடக்கிறார்கள். லவ்கிராஃப்டின் நிலவியல் பேராசிரியர் தென்துருவம் வரை போயிருக்க வேண்டியதே இல்லை.

மலையை விட்டிறங்கிச் சித்தூர்ச் சாலையில் வந்தால் காதங்கி. அங்கே தேசிய வாயுமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் ராடார், 1,024 ஜோடி ஆன்டெனாக்களை ஒரு பெரிய சதுரத்தில் நிறுத்தி, 53 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1990-களின் தொடக்கம் முதல் நேர்மேலே வானத்தை நோக்கிக் குரல் கொடுத்து, காற்றின் கொந்தளிப்பிலிருந்து திரும்பும் மெல்லிய எதிரொலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கிழக்கே, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்துவிட்ட ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலையில் புறப்பட்ட சந்திரயான் நிலவின் தென்துருவப் பக்கத்தில் இறங்கியது. ஏவுவதற்கு முன் விஞ்ஞானிகள் வேங்கடவன் சந்நிதியில் ராக்கெட்டின் சிறு மாதிரியை வைத்து வணங்கினார்கள். அதைப் பரிகசித்தவர்களும் உண்டு. எனக்கு அதில் பரிகாசத்துக்கு இடம் தெரியவில்லை. பெயர் கேட்கும் தெய்வத்திடம் விடைபெற்று, பெயர் கேளாத வெளிக்குள் போகும் ஒரு மனிதனின் உள்ளத்தில் என்ன நிகழும் என்பதுதான் எவரும் இன்னும் எழுதாத கதை. அமெரிக்கர் இதை எழுத முடியாது. அவர்களுடைய பிராவிடன்ஸில் திருமலை இல்லை.

கதைக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் ரயிலேறும் இளைஞர்கள் இச்சபையில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு விண்ணப்பம். கோடிக்கணக்கில் பணம் வேண்டுமே என்று தயங்காதீர்கள். தும்பாட் 2012-இல் படப்பிடிப்புத் தொடங்கி ஆறாண்டு இழுபட்ட பிறகே திரைக்கு வந்தது, வந்த பின் நின்றது. ராடார் கூடத்தில் இரவுப் பணியிலிருக்கும் ஒரு பெண் விஞ்ஞானி, திரும்பி வந்திருக்கக் கூடாத ஓர் எதிரொலி, விடிந்ததும் அவள் ஏறிச் செல்லவேண்டிய மலை, இவை போதும் ஒரு படத்துக்கு. தமிழில் எழுதுங்கள், இவ்வூரில் பிறந்தவர்களாதலால் தெலுங்கிலும் எழுதலாம். எழுதி முடித்த பின், அந்த எதிரொலி யார் அனுப்பியது, நம்மிடம் அதற்கு என்ன வேண்டும் என்று கடைசி ரீலில் விளக்கிவிடும்படி தயாரிப்பாளர் கேட்பார். அந்த ஒன்றை மட்டும் மறுத்துவிடுங்கள்.